நான் பழங்கார் வாங்கிய கதை

விடுதியில் ஒருவன் புதிதாகச் சட்டை வாங்கினால் நாலு பேர் கவனிப்பார்கள். சைக்கிள் வாங்கினால் பத்துப் பேர் இரவல் கேட்பார்கள். முப்பது வயதான மோட்டார் கார் ஒன்றை வாங்கினாலோ, விடுதி முழுவதும் கூடி நின்று அவனுக்குப் புத்தி சொல்லும்! சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்தது இதுதான். “இந்தச் செலவுக்கு நீ கல்யாணமே செய்துகொண்டிருக்கலாம்” என்றார் பௌதிகத் துறை நண்பர் ஒருவர். “எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?” என்று கணக்குப் போட்டார் பொருளாதாரத் துறைக்காரர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை; வண்டியைச் சுற்றி வந்து, என்னைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெருமூச்சுக்குத்தான் இன்று வரை எனக்குப் பொருள் விளங்கவில்லை.

“நடந்ததை மலருக்கு எழுதித் தாருங்களேன், நாளைக்கு இன்னொருவர் இதே பள்ளத்தில் விழாமல் இருக்கட்டும்” என்று நம் சங்கத்து மலராசிரியர் கேட்டார். பள்ளமா மேடா என்பதை, அன்பர்களே, முடிவில் நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில், பழங்கார் என்பது எது? கிழடு தட்டிப்போன வண்டியெல்லாம் பழங்கார் ஆகிவிடாது. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் பழம்பெரும் ஓட்டம் ஒன்று உண்டு. அதில் 1905ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கே இடம். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 1966ல் தோன்றியது. அது இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும், பிறந்த கோலம் மாறாமல் பேணப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. நம் இந்திய அரசு 2021ல் கொண்டுவந்த விதியோ ஐம்பது வயதைக் கேட்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களோடு தனி எண் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணைப் பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் இவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். கோயில் யானையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: மரியாதை உண்டு, மரம் இழுக்க அனுமதி இல்லை.

புதிதாக இத்துறையில் காலெடுத்து வைப்பவன் இதை முதலில் யோசிக்க வேண்டும். எனக்கு வேண்டியது பூஜை செய்யும் வண்டியா, ஓட்டிக் கற்றுக்கொள்ளும் வண்டியா? ஐம்பதைத் தொடாத வண்டி சாதாரணப் பதிவிலேயே இருக்கும். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டால், ஊர் விதி தடுக்காத வரையில், கடைக்கும் போகலாம், கல்லூரிக்கும் போகலாம். நான் இரண்டாவது வழியையே நினைத்தேன்.

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குப் போனவர். பல ஆண்டுகள் பிறர் டாக்ஸியை ஓட்டி, 1981ல் கடன்பட்டுச் சொந்தமாக ஒரு பிரீமியர் பத்மினி வாங்கினார். கறுப்பு உடல், மஞ்சள் கூரை. 2008ல் அது பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. அப்போது எனக்கு ஆறு வயது. முன்இருக்கையில், தாத்தாவின் அருகில் உட்கார்ந்து, ஸ்டியரிங் கம்பத்தோடு ஒட்டியிருந்த கியர்த் தண்டை அவர் மேலும் கீழும் தள்ளுவதை வாய் பிளந்து பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. இப்போது தாத்தாவும் இல்லை. அந்த வண்டியும் இல்லை.

இரண்டு ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரசாயனப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் 1,20,000 ரூபாய் என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நம் நாட்டுப் பழங்கார்கள் மூன்றை எண்ணிப் பார்த்தேன்.

முதலாவது அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற வண்டியின் அச்சை எடுத்து, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957ல் தொடங்கி 2014 வரை செய்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் செய்த வண்டி ஆகையால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. கல்கத்தா மல்லிக் பஜாரில் கேட்டது கிடைக்கும். நம் சென்னைப் புதுப்பேட்டையிலும் கிடைக்கும். குறை, அதன் பருமன். விடுதி வாயிலில் நிறுத்தினால் காவலாளி அதற்கும் அறை வாடகை கேட்பார்.

இரண்டாவது பத்மினி. இத்தாலிய பியட் 1100 வண்டியை 1964 முதல் பம்பாய்க் குர்லாவில் செய்து வந்தார்கள். 1974ல் அதற்குச் சித்தூர் ராணியின் பெயரைச் சூட்டினார்கள். 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின், நான்கு சிலிண்டர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றது. பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அத்தனை டாக்ஸிகள் ஓடிய ஊர் அல்லவா? குர்லாக் கடைத்தெருவில் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன.

மூன்றாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் செய்தது. தமிழனுக்கு அதன் மேல் ஒரு வாஞ்சை வருவதில் வியப்பில்லை. மிச்சலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்துவிடும். எஞ்சின் அருகில் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஆனால் நம் நாட்டில் அந்தக் குடும்பம் 1977ல் கசெல் என்ற வண்டியோடு முடிந்துவிட்டது. கதவுக் கைப்பிடி ஒன்று உடைந்தால்கூட ஊர் ஊராகத் தேட வேண்டியதுதான்.

அறிவு முதலிரண்டைச் சொன்னது. மனம் எதைச் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

புனே நகரின் ஒரு புறநகர்ப் பகுதியில் 1969ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு நின்றது. செக்கச்செவேல் என்ற நிறம். பளபளப்பில் என் முகம் தெரிந்தது. 1,60,000 ரூபாய் என்றார் உரிமையாளர். என் கையிருப்போடு இன்னும் நாற்பதாயிரம் கடன் வாங்கினால் போதும். இரண்டு நண்பர்கள் கடன் தரவும் ஒப்புக்கொண்டார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சிவப்புக் காரில் ஊர்வலம் போவதாகவே கண் திறந்தபடி கனவு கண்டேன்.

மறுநாள் எங்கள் பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மராட்டிய மிஸ்திரி ஒருவரை அழைத்துப் போனேன். எல்லோரும் அவரைக் ‘காகா’ என்பார்கள். “காந்தம் இருக்கிறதா?” என்றார். ரசாயன மாணவனுடைய பையில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், கரைசல் கலக்கும் சிறு காந்தக் கட்டி ஒன்று இருக்கும். அதன் மேல் டெப்லான் பூச்சு இருப்பதால் வண்டியின் வண்ணத்தைக் கீறாது. அதை எடுத்துக் கொடுத்தேன். காகா அதைக் கூரையில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. கதவின் மேற்புறத்தில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. கதவின் அடிப்புறத்தில் வைத்தார். கட்டி வழுக்கித் தரையில் விழுந்தது. அங்கே தகரம் இல்லை. பட்டி பார்த்து நிரப்பி, மேலே சிவப்பு அடித்திருந்தார்கள்!

பிறகு காகா தரையில் படுத்து அடியில் நுழைந்தார். ஹெரால்டுக்கு உடல் வேறு, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் வேறு. உடலின் தகடுகளை மரையைக் கழற்றி மாற்றிவிடலாம். சட்டம் போனால் வண்டியே போயிற்று. சட்டத்தின் பக்கக் கை ஒன்றில் அவர் திருப்புளியை லேசாக அழுத்த, அது வாழைப்பழத்தில் இறங்குவது போல் உள்ளே இறங்கியது. காகா ஒன்றும் பேசாமல் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். நானும் வாய் திறக்கவில்லை. வழியில் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: “வண்ணத்தை வாங்காதே, தகரத்தை வாங்கு.”

அந்த ஒரு வார்த்தையில் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. எஞ்சின் கெட்டால் பிரித்துக் கோக்கலாம். துரு பிடித்த உடலைச் சீராக்க எஞ்சினுக்கு ஆவதைப் போலப் பன்மடங்கு செலவாகும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. அதனால்தான் வண்ணத்தின் அடியில் கொப்புளம் கிளம்புகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு சாண் போயிருக்கும் என்று கொள்க. கதவுகளின் அடிவிளிம்பு, மிதிவிரிப்பின் கீழுள்ள தரை, ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, இவை நீர் தேங்கும் இடங்கள். கடற்காற்றின் உப்பு துருவை விரைவுபடுத்தும். ஆகவே பம்பாய் வண்டியைவிட, மேட்டு நிலமான புனேயில் வளர்ந்த வண்டிக்கு உடல் கெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே ஒருவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஏதோ மறைக்கிறார் என்று ஐயப்படலாம். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. கறுத்து வந்தால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. சூடேறிய பின்னும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர் போல வெளுத்த பசை இருந்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங்பின் தேய்மானம் கைக்குத் தெரியும்.

காகிதங்களும் வண்டியின் உறுப்புக்களே. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடன் பாக்கி ஏதேனும் பதிவாகியிருந்தால் அது தீர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும். வேறு மாநில வண்டியானால் தடையில்லாச் சான்று பெற்று வருவதற்குள் ஒரு பருவத் தேர்வு முடிந்துவிடும். ஆகையால் முதல் வண்டியை உள்ளூரிலேயே வாங்குவது உத்தமம்.

ஹெரால்டு போன பிறகு காகாவே ஒரு பத்மினியைச் சொன்னார். 1995ஆம் ஆண்டு வண்டி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவருடையது. முதலிலிருந்தே அவர் ஒருவரிடமே இருந்தது. பாலாடை நிறம், அதுவும் மங்கிப் போயிருந்தது. தகரக் கொட்டகைக்குள் நின்றது. காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டியது. பதிவு அவ்வாண்டுதான், 2025ல், புதுப்பிக்கப்பட்டிருந்தது. விலை 90,000 ரூபாய்.

அன்று மாலையே பம்பாய்க்குத் தொலைபேசியில் அப்பாவை அழைத்து உற்சாகமாகச் சொன்னேன். நெடுநேரம் அந்தப் பக்கம் ஓசையில்லை. பிறகு சொன்னார்:

“ஏலே, அந்த வண்டியில இருந்து எங்களை எறக்கி விடத்தான் உங்க தாத்தா முப்பது வருஷம் ஓட்டினாரு. நீ காசு குடுத்துத் திரும்ப ஏறப் போறியா?”

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். எனக்கு அது தாத்தாவின் வண்டி. அப்பாவுக்கோ அது, பள்ளிக்கூடத்தில் ‘டாக்ஸிக்காரன் மகன்’ என்று பெயர் வாங்கிக்கொடுத்த வண்டி. ஞாயிற்றுக்கிழமைதோறும் மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட, அவர் அடியில் படுத்து கிரீஸ் அடித்த வண்டி. கணக்கர் வேலை கிடைத்த அன்று, இனி எண்ணெய்க் கறை படாது என்று கைகளைத் தேய்த்துக் கழுவினாராம், அம்மா சொல்லியிருக்கிறாள். பழமை என்று நாம் கொண்டாடுவது இன்னொருவர் பாடுபட்டுத் தாண்டி வந்த துன்பமாக இருக்கலாம் என்பது அன்று வரை எனக்குத் தோன்றவே இல்லை.

பணம் என்னுடையதுதான். அவர் சம்மதமின்றியும் வாங்கியிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி அழைத்தேன். “வாங்கச் சொல்லலப்பா. வந்து பாருங்க. வண்டி சரியில்லைன்னு நீங்க சொன்னா விட்டுடறேன்” என்றேன். அம்மாவும் பின்னாலிருந்து ஏதோ சொன்னது கேட்டது. சனிக்கிழமை மாலை டெக்கான் குயினில் வந்து இறங்கினார்.

ஞாயிறு காலை ஆசிரியை அம்மையாரின் வீட்டுக்குப் போனோம். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றினார். தொடவில்லை. இன்னொரு முறை சுற்றினார். பிறகு, “பழைய பேப்பர் இருக்கா?” என்று என்னிடம் கேட்டார். அம்மையாரிடம் வாங்கிக் கொடுத்தேன். ஐம்பத்தைந்து வயதில், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு, செய்தித்தாளை விரித்து அடியில் நுழைந்துவிட்டார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“கிரீஸ் பார்த்து வருஷக் கணக்காச்சு. பின்னால இடது சக்கரத்துல பிரேக் ஆயில் ஒழுகுது. பார்த்தியா?”

நான் பார்க்கவில்லை. காகாவும் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது அவர் சட்டைக் கையில் கறுப்பாக ஒரு கறை. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தக் கசிவைக் காட்டி விலையில் ஐந்தாயிரத்தைக் குறைத்தவரும் அவர்தான், கணக்கர் அல்லவா?

ஓட்டிப் பார்க்கும்படி அவரிடம் சாவியை நீட்டினேன். “நீ ஓட்டு” என்றார். முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து, பின்இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கியர் எங்கே விழுகிறது என்று தெரியாமல் நான் திணறிக்கொண்டு, இரண்டு தெரு சுற்றினேன். கண்ணாடியில் பார்த்தேன், அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னாடி நான் உட்கார்ந்ததே இல்லலே” என்றார். “அது சவாரிக்காரங்க சீட்டு. அழுக்காயிரும்னு தாத்தா ஏறவே விடமாட்டாரு.”

நான் மறுமொழி சொல்லவில்லை. இன்னொரு தெருவும் சுற்றினேன்.

திரும்பி வந்து இறங்கும்போது, “சரி, வாங்கிக்க. டாக்ஸி கலர் மட்டும் அடிச்சிராத” என்றார். அவ்வளவுதான். இருபத்தொன்பதாம் படிவத்திலும் முப்பதாம் படிவத்திலும் கையெழுத்தாயிற்று. வண்டி என் பெயருக்கு மாறியது.

வாங்கிய விலை 85,000. பிரேக் சிலிண்டர்கள், நான்கு டயர், பாட்டரி, ரப்பர்க் குழாய்கள் எல்லாமாக 29,000. ஆக, கையிலிருந்த பணத்தில் ஆறாயிரம் மீந்தது. முன்யோசனை இல்லாமல் முழுப்பணத்துக்கும் வண்டி வாங்குபவன், அதை நிறுத்தி வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். விலையில் மூன்றிலொரு பங்கையாவது பழுதுக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

ரப்பர்க் குழாய்களைப் பற்றி ரசாயன மாணவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 2023 முதல் நம் நாட்டில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் பட்டால் அது ஊதும், இளகும், பிறகு வெடிக்கும். பெட்ரோல் கசிவது எஞ்சின் சூட்டுக்கு அருகில் என்பதை நினைவில் வையுங்கள். எத்தனால் நீரையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் நீர் பிரிந்து டாங்கின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். ஆகவே பழைய வண்டி வாங்கியவுடன் முதல் வேலை, பெட்ரோல் குழாய்களையும் பம்பின் ரப்பர்த் தகட்டையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுவது. இரண்டாவது வேலை, வாரம் ஒருமுறையேனும் ஓட்டுவது.

அன்பர்களே, முதன்முதலில் பழங்கார் தேடுபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பாகம் கிடைக்கும் வண்டியாகப் பாருங்கள். தகரம் நல்லதாகப் பாருங்கள். உங்கள் ஊரில் அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மிஸ்திரி ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். உங்களுக்கு முன் அந்த வண்டியோடு வாழ்ந்தவர் வீட்டில் யாரேனும் இருந்தால், அவரையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்பா இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறார். என் படிப்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன், “கிரீஸ் அடிச்சியா?” என்றுதான் கேட்கிறார்.

வண்டி விடுதியின் பின்புறம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. குளிர்காலக் காலைகளில் கொஞ்சம் அடம் பிடிக்கும். தள்ளுவதற்கு நாலு பேர் வேண்டும். சங்க உறுப்பினர்களில் விருப்பமுள்ளோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம். தள்ளியவர்களுக்குப் பின்இருக்கை இலவசம்.